அறுபது உள்ளங்கைகள்

“பதினேழு, அம்மா! பதினேழு குறிப்பு! உங்களுக்கு வேற வேலையே இல்லையா?”

“சத்தம் போடாதை நிலானி. யன்னல் திறந்து கிடக்கு.”

“கிடக்கட்டும். ‘ஓகஸ்ட் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. விண்ணப்பதாரர் இரண்டு சேர்ட்டும் ஒரு நீலத் துவாயும் வெளியில் காயப் போட்டார்.’ துவாயின்ர நிறத்தைக்கூட நீங்கள் விடேல்லை!”

“நிறம் சொல்லாட்டில் குறிப்புப் பதியாது. நானே சட்டம் போட்டனான்?”

“‘செப்டெம்பர் மூன்று. விண்ணப்பதாரர் காரணமில்லாமல் சிரித்தார்.’ அவர் என்னைப் பாத்துத்தான் அம்மா சிரிச்சவர்!”

“அது எனக்கு அப்ப தெரியுமே?”

எதிர்வீட்டுச் சன்னலில் திரை அசைந்தது. ஓடைக்கு மேற்கரையில் திரை அசையாத வீடு என்று ஒன்று இருந்தால் அது பூட்டிய வீடாகத்தான் இருக்கும்.

நிலானியின் அம்மா தவமலரைக் குறை சொல்லுமுன் அந்த நாட்டு நடப்பைச் சொல்லிவிட வேண்டும். வால்சேன், ஆல்ப்ஸ் மலைமடிப்புக்குள் செருகி வைத்த கைக்குட்டை போன்ற நாடு. ரயிலில் ஏறி ஒரு தேநீரை ஆறவைத்துக் குடிப்பதற்குள் மறுபக்க எல்லை வந்துவிடும். இரண்டு எல்லையிலும் ஒவ்வொரு எண்பலகை நிற்கும். குடிமக்களில் யார் பிறந்தாலும் இறந்தாலும், யார் வந்தாலும் போனாலும் அந்தக் கணமே அதில் எண் மாறும். அந்தப் புதன்கிழமை காலை அது காட்டிய நிலவரம் இது: மக்கள் 2,318. தாய்மொழி வால்சேனிஷ் 2,318. கீழே சிறிய எழுத்தில் மதங்கள்: சைவம் 1,506, கத்தோலிக்கம் 490, இரண்டும் 211, சொல்ல விரும்பாதோர் 111.

இதில் மதக் கணக்கு ஏறக்குறைய உண்மை. மொழிக் கணக்குத்தான் சுத்தப் பொய். வால்சேனிஷ் ஒருவருக்கும் தாய்மொழி இல்லை. அதைத் தாயிடம் கற்றவர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மேலே பனிமலை உருகித் தேங்கிய ஏரி ஒருநாள் உடைந்து இறங்கியபோது, பழைய வால்சேன்காரர்கள் பூமியைச் சுற்றிவரும் வளைய நகரமான சுற்றூருக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய முதியோர் இல்லங்களில் தூக்கிக் கிடத்தி, கழுவித் துடைத்து, சமையலறைகளில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த தமிழர்களுக்குக் கப்பலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் சேற்றை வாரிக் கொட்டி, வீடுகளை நிமிர்த்தி, அங்கேயே இருந்துகொண்டார்கள். நாடு அவர்கள் கைக்கு வந்த கதை அவ்வளவுதான்.

வந்த நாட்டைப் பழைய ஒழுங்கு கெடாமல் நடத்தினார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மார்த்தீன் புனிதரின் தேர், வருடம் தவறாமல், தவிலோடும் நாதஸ்வரத்தோடும் வீதி சுற்றியது. சிற்றாலயத்தில் புனிதருக்கு இடப்பக்கம் பிள்ளையார் இருந்தார். இருவருக்கும் ஒரே எண்ணெய். குடியுரிமைச் சட்டத்திலும் ஒரு எழுத்தை அவர்கள் மாற்றவில்லை. வெளியாள் ஒருவர் குடிமகனாக வேண்டுமானால், ஒரு வருடம் அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். வருட முடிவில், ஆலயமணி கேட்கும் தூரத்திலுள்ள அறுபது வீடும் கூடி, வீட்டுக்கு ஒரு வாக்காக அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தீர்மானிக்கும். மூன்றில் இரண்டு பங்கு தேவை.

அந்த ஒரு வருடமும் வேடிக்கை பார்ப்பதற்குத்தான் அயற்கண். ஒவ்வொரு வீட்டு வாசல் நிலைக்கு மேலும் கோலிக்குண்டு அளவில் ஒரு கண்ணாடி மணி. அது தானாக எதையும் முடிவு செய்யாது. அயலார் யாராவது “குறி” என்று சொன்னால் மட்டும் விழித்து, நாள், நேரம், நடந்தது, நிறம் எல்லாம் கேட்டு, சொன்னவர் குரலிலேயே பதிந்துகொள்ளும். பதிந்ததை அழிக்க முடியாது. வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்பு எல்லாக் குறிப்புகளும் எல்லோர் வீட்டுச் சுவரிலும் ஓடும். பால் போத்தல் வாசலில் வந்து நிற்பதைப் போல அங்கே இதுவும் சாதாரணம்.

மேற்கரையில் “குறி” என்ற சொல்லை அதிகம் உச்சரித்தவர் தவமலர். ஐம்பத்தெட்டு வயது, புருஷன் போய் ஒன்பது வருடம், சன்னலோரம் ஒரு நாற்காலி. இருபத்தாறு விண்ணப்பதாரர்களை அந்த நாற்காலியிலிருந்தே பார்த்துத் தள்ளியவர். அப்படிப்பட்டவரின் எதிர்வீட்டு மாடி அறைக்குச் சுற்றூரிலிருந்து ஃப்ளூரின் கடூஃப் என்ற இருபத்தேழு வயதுப் பொடியன் வாடகைக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? பதினேழு குறிப்பு ஆகும். தாத்தா காலத்து மண்ணைத் தேடி வந்தவன், பத்து மாதம் ஒரு பொல்லாப்பும் இல்லாமல் நடமாடினான். பகல் உறக்க நேரத்தில் சீழ்க்கை அடித்தது, சன்னலில் பூத்தொட்டி வைக்காதது, பச்சைப் போத்தலை வெள்ளைப் போத்தல் தொட்டியில் போட்டது என்று அதையும் எழுதியாயிற்று. பதினோராவது மாதத்தில்தான் நிலானி வாய் திறந்தாள். கட்டினால் அவரைத்தான் கட்டுவாளாம். அவருக்கு இங்கே இடமில்லை என்றால் அவரோடு மேலே போய்விடுவாளாம்.

தவமலருக்கு இருப்பது ஒரு பிள்ளை.

முதல் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேரே ஆலயத்துக்குப் போனார். வேண்டுதலுக்குத்தான் போனார் என்று ஊரில் சொன்னார்கள். அவர் போனது உட்காரும் வாங்குகளைப் பார்க்க. பழைய வால்சேன்காரர்கள் தங்கள் குடும்பப் பெயரைப் பித்தளைத் தகட்டில் செதுக்கி வாங்குகளில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். முன்வரிசையில், பலிபீடத்துக்கு நேரெதிரே, இரண்டாவது தகட்டில் இருந்தது: கடூஃப்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இந்தத் தகடு ஏன் அவர் பசியைத் தூண்டியது என்பதற்கு ஒரு கதை உண்டு. அந்த ஊரை ஒரு ஓடை இரண்டாக வெட்டுகிறது. பழைய காலத்தில் மேற்கரையில் இருந்தவர்கள் மாடு வைத்திருந்தவர்கள். கீழ்க்கரையில் இருந்தவர்கள் செத்த மாட்டை உரித்துத் தோல் பதனிட்டவர்கள். ஆலயத்தில் இவர்களுக்கு முன்வாங்கு, அவர்களுக்குப் பின்வாங்கு. பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில்லை. அந்த ஆட்களெல்லாம் போய், காலி வீடுகளில் தமிழர்கள் குடியேறியபோது, முந்தி வந்தவர்களுக்கு மேற்கரை கிடைத்தது, பிந்தி வந்தவர்களுக்குக் கீழ்க்கரை. அதற்கு மேல் அதில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் தமிழர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருந்தார்கள். புதிதாய் ஒருவரைக் கண்டால், பெயர் கேட்டு முடிந்ததும், மெதுவாக, சிரித்துக்கொண்டே, “ஊரில எவடம்?” என்பார்கள், எந்த இடம் என்று. பதிலை வைத்துக்கொண்டுதான், கதிரையைக் கொடுப்பதா, வாசலோடு அனுப்புவதா, பிள்ளையைக் கொடுப்பதா என்பதெல்லாம். காலப்போக்கில் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்கள் எல்லோருக்கும் மறந்துபோயின. கேள்வி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதற்குப் பதில்களை இந்த மண்ணிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஒரே தலைமுறையில் மேற்கரைத் தமிழர் கீழ்க்கரைத் தமிழர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினர்.

ஆகவே ஃப்ளூரின் வெள்ளைக்காரன் என்பதில் தவமலருக்குப் பிரச்சினையில்லை. விண்வெளியில் பிறந்தவன், சாமியும் தெரியாது பூதமும் தெரியாது என்பதிலும் இல்லை. முன்வாங்குக் குடும்பம். வேறென்ன வேண்டும்?

குறிப்புகள் சுவரில் ஓடிய மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், பொடியனைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

“இருங்கோ தம்பி. கதிரையில இருங்கோ.”

“நன்றி மாமி.” அவன் தமிழ் கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும், இதமாகவும் இருக்கும். அந்தக் காலத்தில் யாரும் எந்த மொழியும் படிப்பதில்லை. நாமடல் என்ற மெல்லிய படலத்தை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் நாலாயிரம் மொழியும் வரும். எல்லா மொழியும் எல்லோருக்கும் வந்த பிறகு எந்த மொழியும் யாருக்கும் சொந்தமில்லை என்றாகிவிட்டது. வால்சேன் மட்டும், எங்கள் மொழியை வெறும் நாவால் பேசிக்காட்டு என்று விண்ணப்பதாரர்களைக் கேட்கும். ஃப்ளூரின் ஒரு வருடமாகப் படலமே ஒட்டவில்லை. தமிழை நிலானியிடம் காதால் கேட்டு, வாயால் படித்திருந்தான். அதனால் அவளைப் போலவே சண்டைக்கு இழுக்கும் தொனியில் பேசுவான்.

“உங்கட சுற்றூரில எத்தினை மாடி? நீங்கள் எந்த மாடியில இருந்தனீங்கள்?”

“அது சுத்துற வளையம் மாமி. எல்லாரின்ர காலும் வெளிப்பக்கம், எல்லாரின்ர தலையும் நடுவுக்கு. மேல் வீடு கீழ் வீடு எண்டு ஒண்டும் இல்லை.”

“அதெப்பிடி ஒண்டும் இல்லாமல் இருக்கும்?” என்றார் தவமலர், கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டே. “நீங்கள் சின்னப் பிள்ளை. கவனிச்சிருக்க மாட்டியள்.”

அன்று பின்னேரமும் மறுநாளும் அவர் படியேறாத வீடில்லை. கையில் ஒரு டப்பா நிறையப் பாற்கட்டி வடை. தான் எழுதிய குறிப்புகளைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். சீழ்க்கை அடித்தது அவனில்லை, குருவி. பூத்தொட்டி வைக்காதது அடக்கம். வெள்ளி இரவு விரல் மடக்கிப் பார்த்தபோது நாற்பத்தேழு வீடு உறுதி. நாற்பது போதும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலயத்திலேயே சபை கூடியது. தலைவர் குணபாலசிங்கம், பாற்கட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவர். எதையும் மூன்று தரம் முகர்ந்து பார்த்துத்தான் நல்லது என்பார். முதலில் குறிப்புகள். அயற்கண் பதிவேடு பதினேழையும் தவமலரின் சொந்தக் குரலிலேயே ஆலயம் முழுக்க ஒலிபரப்பியது. “காரணமில்லாமல் சிரித்தார்” என்று அந்தக் குரல் சொன்னபோது, பின்னாலிருந்து யாரோ, “அக்கா, சம்பந்தி வீட்டுச் சிரிப்பு!” என்றார்கள். ஆலயம் குலுங்கியது. தவமலர் எழுந்தார்.

“சிரியுங்கோ. பதினேழும் நான் எழுதினதுதான். என்ர அப்பா இதே இடத்தில மூண்டு தரம் நிண்டவர். முதல் தரம், ஞாயிற்றுக்கிழமை சாரம் காயப் போட்டவர் எண்டு வேண்டாமெண்டினம். ஒரேயொரு சாரம். ரெண்டாந் தரம், வெங்காயம் பொரிக்கிற மணம் ஓடை தாண்டிப் போகுதாம். மூண்டாந் தரம் ஓமெண்டினம். ஏனெண்டால் அப்ப அவையளைத் தூக்கி இருத்த ஆள் தேவைப்பட்டுது. நான் ஆறு வயசுப் பிள்ளை. அந்தக் கடைசி வாங்கில இருந்து பாத்தனான். அப்பா வீட்டை வந்து சாரத்தை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைச்சவர், சாகுமட்டும் பேந்து கட்டேல்லை. இந்தப் பொடியன்ர துவாயைப் பற்றி எழுதேக்க எனக்கு அந்தச் சாரம் ஞாபகம் வரேல்லை. எனக்கு அதுதான் வெக்கம்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வாங்கில் கமலாவதி, தவமலரின் இருபது வருட எதிரி, மூக்கைச் சிந்தினாள். நிலானி அம்மாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்து எத்தனையோ வருடம்.

மொழிச் சோதனையும் சுகமாகவே போனது. ஃப்ளூரின், தாத்தா சொல்லிக்கொடுத்த வால்சேனிஷில் ஐந்து நிமிடம் பேசினான். அந்த ஆலயத்தில் அந்த மொழியை அது பிறந்தபடி பேசியவன் அவன் ஒருவன்தான். குணபாலசிங்கம் முகத்தைச் சுளித்து, “பரவாயில்லை. எங்கட ஆக்கள் பேசுற வடிவு இல்லை. ஆனாப் பழகினால் வரும்” என்று எழுபது மதிப்பெண் போட்டார்.

இனி வாக்கெடுப்புத்தான். அதற்கு முன் வழக்கமாய்க் கேட்கும் ஒரு கேள்வி. சட்டத்தில் இல்லாதது, ஆனாலும் ஒருவரும் விடாதது.

“தம்பியின்ர அப்பப்பா இஞ்ச இருந்தவர் எண்டு சொன்னியள், என்ன?” குணபாலசிங்கம் மெதுவாக, சிரித்துக்கொண்டே கேட்டார். “இஞ்ச எவடம்?”

ஃப்ளூரினின் முகம் மலர்ந்தது. ஒரு வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. சட்டைப் பைக்குள்ளிருந்து பழைய நிழற்படம் ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

“கீழ்க்கரை, ஐயா. பாலத்துக்குக் கீழ தோல் பதனிடுற வீடு. எங்கட அப்பப்பா மாடு உரிக்கிறதில இந்தப் பள்ளத்தாக்கிலேயே கெட்டிக்காரன்.”

தவமலருக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. “அந்த வாங்கு?” என்றார் நிலானியின் காதுக்குள். “முன்வாங்கில பேர் கிடக்குதே?”

“அது வேற கடூஃப் அம்மா. மேற்கரைக் கடூஃப். இவையோட அவையள் கதைக்கிறதே இல்லையாம்.”

“உனக்குத் தெரியுமே?”

“தெரியும். அதில என்ன இருக்கு?”

ஆலயத்தில் ஒருவரும் ஒரு தப்பான வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் படித்தவர்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் புனிதரைப் பார்த்தார், இன்னொருவர் பிள்ளையாரைப் பார்த்தார். குணபாலசிங்கம், “நல்லது, நல்லது, தொழிலில என்ன குறை” என்றார். குறை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாக்குத்தூண் ஆலய நடுவில் நின்றது. இடுப்பளவு உயரம், வழவழப்பான கல். முன்காலத்தில் பொத்தானை அழுத்துவது வழக்கம். மச்சான் முறைத்தால் ஒரு பொத்தான், மாமன் சிரித்தால் இன்னொரு பொத்தான் என்று விரல்கள் வளைந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். இந்தத் தூணில் உள்ளங்கையை வைத்தால் போதும். நரம்பையும் நாடியையும் தொட்டு, அந்த ஆள் உண்மையில் என்ன விரும்புகிறார் என்பதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஓம் என்றால் உள்ளங்கைக்கு அடியில் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. வைத்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

தவமலர் தன் முறை வந்து நடந்தபோது மனதுக்குள் ஓம் ஓம் என்றே சொல்லிக்கொண்டு போனார். தோல் பதனிட்டது இவனா? அவன் தாத்தா. அதுவும் ஐம்பது வருடத்துக்கு முன்பு. நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தவன். ஒரே மகள். ஓம். ஓம். உள்ளங்கையை வைத்தார்.

சிவப்பு.

“தூணில ஏதோ பிழை, தம்பி குணபாலசிங்கம். நான் திருப்பி வைக்கட்டே?”

“ஒருக்காத்தான் அக்கா. அடுத்த ஆக்கள் நிக்கினம்.”

முப்பத்தொன்பது. தேவை நாற்பது.

வெளியே வெயிலில் எல்லோரும் வரிசையாக வந்து நிலானியின் கையைப் பிடித்தார்கள். “நான் ஓமெண்டுதான் பிள்ளை” என்றாள் கமலாவதி. “எங்கட வீட்டு வாக்கு உனக்குத்தான்” என்றார்கள் மற்றவர்கள். எண்ணிப் பார்த்தால் அறுபது வீடும் ஓம் போட்டிருந்தது. அப்படியும் தோற்ற பொடியன் வால்சேனில் இவன் முதல் ஆள் இல்லை.

ஃப்ளூரின் நிழற்படத்தைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தவமலரிடம் வந்து, “நீங்கள் பேசினது பெரிய காரியம் மாமி” என்றான். அவருக்கு அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டு வாசலில் நிலானி நின்றாள். “நீங்கள் என்ன போட்டனீங்கள் அம்மா?”

“உதென்ன கேள்வி? ஓமெண்டுதான்.”

நிலானி அம்மாவின் வலது கையைப் பார்த்தாள். அது இறுகப் பொத்தியிருந்தது. அவள் நிலைக்கு மேலே நிமிர்ந்து, வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

“குறி.”

கண்ணாடி மணி விழித்தது. நாள் கேட்டது, நேரம் கேட்டது, நடந்ததைக் கேட்டது.

“இந்த வீட்டுத் தவமலர் பெற்ற பிள்ளையிட்டப் பொய் சொன்னவ.”

“நிறம்?” என்றது அயற்கண். நிறம் சொல்லாவிட்டால் பதியாது.

“சிவப்பு” என்றாள் நிலானி.

செவ்வாய்க்கிழமைக் கப்பலில் இருவரும் போனார்கள். எண்பலகையில் 2,318 என்பது 2,317 ஆனது. தாய்மொழிக் கணக்கிலும் ஒன்று குறைந்தது. வால்சேனிஷை உள்ளபடி பேசத் தெரிந்த ஒரே ஆள் போனது அதில் ஏறவில்லை, அவனை அது எண்ணியதே இல்லை. வளைய நகரத்தில் அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள் என்று கேள்வி. தாலியும் இல்லை, ஆலயமணியும் இல்லை. குணபாலசிங்கத்தின் மகன் அடுத்த தையில் கமலாவதியின் மகளைக் கட்டினான். இரண்டு பேரும் மேற்கரை, பொருத்தம் அமோகம். எதிர்வீட்டு மாடி அறைக்குப் புதிதாக ஒரு விண்ணப்பதாரர் வந்திருக்கிறார். தவமலரின் நாற்காலி இப்போது சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறது என்கிறார்கள், பார்த்தவர்கள்.

மார்த்தீன் புனிதரின் தேரன்று, தவில் சத்தத்துக்கு நடுவே, கமலாவதி அவரை மடக்கிக் கேட்டாள்.

“மகள் சுற்றூரில எவடம் அக்கா?”

தவமலர் தேரைப் பார்த்தபடியே, ஒரு நொடியும் யோசிக்காமல் சொன்னார்.

“மேலடுக்கில.”